துணியில் வார்த்த கூரை

திருப்பூர் மாவட்டத்தின் அவிநாசி வட்டத்தில் உள்ள சேவூரை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அதன் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து நிலக்கடலை ஏலத்தைக் கொண்டும் வாலீஸ்வரர் கோயிலைக் கொண்டும் அறிவார்கள். ஆயினும் அவ்வூரின் அன்றாடப் பிழைப்பு அவிநாசி, திருப்பூர்ப் பகுதிப் பனியன் கம்பெனிகளோடு பின்னிக் கிடக்கிறது. அந்தக் கம்பெனிகளில் ஒரு சட்டை துணியாவதற்கு முன் எண்ணாகிவிடுகிறது. பேட்டர்ன் மாஸ்டர் அட்டையில் வரைந்த வடிவம் கணினிக்குள் ஏறி, சிறிய அளவிலிருந்து பெரிய அளவு வரை விரிக்கப்பட்டு, துணி வீணாகாதபடி அடுக்கிய மார்க்கராகி, கட்டிங் மேசைக்கு இறங்குகிறது. வடிவம் வரைபவரும், அதை எண்ணாக்குபவரும், வெட்டித் தைப்பவரும் ஒரே கூரையின் கீழ் ஒருவர் பிழையை ஒருவர் அன்றே கண்டுபிடிக்கும் தொலைவில் இருப்பதால், அரை அங்குலத் தவறுகூட சாம்பிள் நிலையிலேயே பிடிபட்டுவிடும். அதே ஊரில் எழும்பும் வீட்டுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. பொறியாளர் தந்த பிளான் அனுமதிக்கான தாளாக மடிக்கப்பட்டு உள்ளே போய்விட, மேஸ்திரி, சென்ட்ரிங்காரர், கம்பி கட்டுபவர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன் ஆகியோர் ஆளுக்கொரு வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரே மனையில் வேலை செய்கிறார்கள்; பூசி முடித்த சுவரை மறுவாரம் குழாய்க்காக உடைப்பது யாருக்கும் வியப்பாகத் தோன்றுவதில்லை.

கட்டடத்தை வடிவமைத்தல், அதற்கான மென்பொருளை எழுதுதல், புதுமுறையில் அதைக் கட்டி நிறுத்துதல் ஆகிய மூன்றையும் ஒருவரே, அல்லது ஒரு சிறு குழுவே, செய்யும் தொழில்வாழ்க்கை உலகில் சில இடங்களில் உருவாகியிருக்கிறது. அந்த மூன்று திறன்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தேவை என்பதைச் சுவரைவிடக் கூரை தெளிவாகக் காட்டும். அந்தக் கூரையின் கதை சுற்றிவளைத்துப் பின்னலாடையில் வந்து நிற்பதும் தற்செயலன்று.

கணினியில் வரைவது பழைய செய்தி. 1963-இல் ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற நிரல் திரையில் கோடு வரையக் கற்றுக்கொடுத்தது. 1982-இல் ஆட்டோகேட் வந்தபின் வரைபலகையும் டி-ஸ்கொயரும் மெல்ல மூலைக்குப் போயின. பின்னர் வந்த மென்பொருள்கள் சுவரை இரண்டு கோடுகளாகப் பாராமல், இன்ன தடிப்பு, இன்ன செங்கல், இன்ன விலை என்ற விவரங்களோடு கூடிய சுவராகவே நினைவில் வைத்தன. இதற்குக் கட்டடத் தகவல் மாதிரி என்று பெயர். ஆனால் இவையெல்லாம் எதைக் கட்ட வேண்டும் என்பதைச் சொன்னவையே. எப்படிக் கட்ட வேண்டும் என்று இயந்திரத்துக்கோ கைக்கோ வரிவரியாக ஆணையிடும் மென்பொருள், அதாவது பனியன் கம்பெனியின் மார்க்கருக்கு நிகரானது, கட்டடத்துறைக்குப் பிந்தித்தான் வந்தது.

கூரையில் அந்த ஆணை ஏன் முக்கியம் என்பதை அறிய, சென்ட்ரிங் என்று எல்லாரும் அழைக்கும் வேலையைக் கவனிக்க வேண்டும். ஈரக் கான்கிரீட்டுக்குத் தனக்கென வடிவம் கிடையாது; அது இறுகும்வரை தாங்கிப் பிடிக்க இரும்புத் தகடும் பலகையும் அடித்து, கீழே முட்டுக் கொடுத்து, ரசமட்டம் பார்த்து ஒரு தற்காலிகத் தளத்தை அமைக்கிறார்கள். சரியாகச் சொன்னால் கூரைக்குக் கீழே இன்னொரு கூரை கட்டப்பட்டு, சில வாரங்களில் பிரித்தெடுக்கப்பட்டு, வாடகைக் கணக்கோடு வண்டியேறிப் போகிறது. தகடு தட்டையாக இருப்பதால் கூரையும் தட்டையாக வருகிறது. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றின் மேல் 12 சென்டிமீட்டர் தடிப்பில் தளம் போட்டால், கன மீட்டருக்குச் சுமார் 2,500 கிலோ என்ற கணக்கில், அந்தக் கூரை மட்டுமே ஏறக்குறைய 2,800 கிலோ எடையுள்ளதாகிறது. அதன்மேல் ஓர் ஆள்கூட ஏறாத நிலையிலும் கம்பியும் சிமெண்டும் முதலில் தம் எடையைத் தாமே சுமக்கச் செலவாகின்றன.

தட்டைத் தளம் வளைந்து நின்று சுமை தாங்குவது. வளையும்போது அதன் மேற்பகுதி நசுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. கான்கிரீட் நசுங்கலைத் தாங்குவதில் கெட்டி, இழுவையைத் தாங்குவதில் அதற்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வலிமைதான். கீழ்ப்பகுதியில் கம்பி கட்டுவதன் காரணம் இதுவே. துணி இதற்கு நேரெதிரானது: இழுத்தால் தாங்கும், அழுத்தினால் சுருண்டுவிடும். ஈரமான பனியன் துணியை நான்கு மூலைகளிலும் கட்டித் தொங்கவிட்டால் அது ஒரு தொட்டில்போலத் தொய்ந்து நிற்கும். அந்தத் தொய்வின் எந்தப் புள்ளியிலும் இழுவையைத் தவிர வேறு விசை இல்லை. அதே வடிவத்தை அப்படியே உறையவைத்துக் கவிழ்த்தால் இழுவையெல்லாம் அழுத்தமாக மாறிவிடும். தொங்கும் சங்கிலிக்கும் நிற்கும் வளைவுக்கும் உள்ள இந்த உறவை 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் கண்டறிந்து, பிறர் திருடிவிடாதபடி எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டார். அழுத்தம் மட்டுமே உள்ள வடிவில் கான்கிரீட்டை வார்த்தால் கம்பியும் குறையும், தடிப்பும் குறையும். இவ்வகை மெல்லிய வளைகூரைக்கு ஓடுக்கூரை என்று பெயரிடலாம். முட்டையோட்டைப் போன்றது என்ற பொருளில், நாட்டு ஓடு வேய்ந்த கூரை என்ற பொருளில் அன்று.

இந்தத் தத்துவத்தை ஏழைகளின் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் முயற்சிகளுள் ஒன்று இந்தியாவில் நடந்தது என்பதைக் கட்டடக்கலை மாணவர்களே பலர் அறியார். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் 1950-களின் பிற்பகுதியில் ஜி.எஸ். ராமசாமி என்ற பொறியாளர் ஒரு சட்டத்தில் துணியைக் கட்டி, அதன்மேல் மெல்லிய கான்கிரீட்டைப் பரப்பி, அதன் எடையிலேயே துணியைத் தொய்யவிட்டு, இறுகியபின் கவிழ்த்துச் சிறு சிறு வளைகூடுகளை உண்டாக்கினார். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிப்பே உள்ள இக்கூடுகளைத் தரையிலேயே வார்த்து, தூக்கி, உத்தரங்களின்மேல் வரிசையாக அமர்த்தினால் தளம் ஆகிவிடும். சென்ட்ரிங் தகடும் முட்டும் பெரும்பாலும் தேவைப்படா. ராமசாமி பின்னர் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தின் நிறுவன இயக்குநரானார்; அம்மையம் இன்று சென்னைத் தரமணியில் இயங்குகிறது. ஓடுக்கூரைகளைப் பற்றி அவர் எழுதிய பாடநூல் 1968-இல் வெளிவந்தது. இத்தகைய இருவளைவுக் கூடுகளைக் கொண்டு தளமும் கூரையும் அமைப்பதற்கு ஐ.எஸ். 6332 என்ற இந்தியத் தர நெறிமுறையும் உண்டு.

நெறிமுறை இருந்தும் சேவூரில் புதிதாகக் கட்டும் ஒருவர் இதைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு அரிது. அதற்குக் காரணம் ஊகிக்கக் கடினமானதன்று. ஒரே அளவுச் சதுரக் கூடு அறையின் ஒழுங்கற்ற மூலைகளுக்குப் பொருந்தாது. ஒவ்வோர் அறைக்கும் ஏற்ப வடிவத்தைக் கணக்கிட வேண்டுமானால் அக்காலத்தில் அதற்கு ஒரு பொறியாளரின் பல நாள் உழைப்பு தேவைப்பட்டிருக்கும். ஒரு தட்டைத் தளத்துக்கு மேஸ்திரியின் அனுபவமே போதும். கம்பியின் கனத்தை அவர் வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவார், அது பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சியதாகவே இருக்கும். மலிவான பொருளைச் சிக்கனமாகச் செலவழிக்கச் செலவுமிக்க மூளையுழைப்பு வேண்டியிருந்த இடத்தில் ராமசாமியின் துணி தோற்றது என்று கொள்வதே பொருந்தும்.

அந்த மூளையுழைப்பைத்தான் மென்பொருள் மலிவாக்கியது. மியூனிக் நகரின் 1972 ஒலிம்பிக் அரங்கக் கூரைகளுக்கான கணக்குகளின்போது ஜெர்மனியில் வளர்ந்த விசையடர்த்தி முறை என்பது இதன் அடிக்கல். ஒரு வலையின் ஒவ்வொரு நூலிலும் உள்ள இழுவிசையை அந்நூலின் நீளத்தால் வகுத்தால் வருவது அதன் விசையடர்த்தி. இதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால், வலை எந்த வடிவில் தொங்கும் என்ற மிகச் சிக்கலான கேள்வி, பள்ளிக் கணக்கில் வரும் ஒருபடிச் சமன்பாடுகளின் பெரியதொரு தொகுப்பாகச் சுருங்கிவிடும். ஆயிரக்கணக்கான முடிச்சுகள் கொண்ட வலையை இன்றைய மடிக்கணினி இமைப்பொழுதில் தீர்த்துவிடும். அறையின் மூலை கோணலா, ஒரு பக்கம் உயர வேண்டுமா என்பனவெல்லாம் எண்ணை மாற்றும் வேலையாகிவிட்டன. சூரிக் நகரின் இ.டி.எச். பல்கலைக்கழகத்தில் பிலிப் பிளாக் தலைமையிலான ஆய்வுக்குழு இத்தகைய கணக்குகளுக்காக உருவாக்கிய காம்பஸ் என்ற பைத்தான் மொழி நிரல்தொகுப்பு, விலையின்றி எவரும் எடுத்தாளும் திறந்த மூலமாகக் கிடைக்கிறது.

அக்குழுவும் ஜாஹா ஹதீத் கட்டடக்கலை நிறுவனத்தின் கணினி வடிவமைப்புப் பிரிவும் சேர்ந்து 2018-இல் மெக்சிகோ நகரின் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்தில் நிறுத்திய நிட்கேண்டேலா என்ற ஓடுக்கூரையைப் பனியன் தொழில் தெரிந்தவர்கள் பார்த்தால் மற்றவர்களைவிட விரைவில் புரிந்துகொள்வார்கள். இதன் அச்சு முழுவதும் பின்னப்பட்ட துணி. திருப்பூரில் காலர் மிஷின் என்று சொல்லப்படும் தட்டைப் பின்னல் இயந்திர வகையைச் சேர்ந்த ஆலை இயந்திரம் ஒன்றில், சுமார் 350 கிலோமீட்டர் நீள நூலைக்கொண்டு, 36 மணி நேரத்தில் நான்கு பட்டைகளாக அது பின்னி எடுக்கப்பட்டது. மொத்தத் துணியின் எடை 25 கிலோ. அதைப் பெட்டிகளில் அடைத்து விமானப் பயணிகளின் சாமானாகவே மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார்கள்.

அதிலுள்ள நுட்பத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்பது தகும். வட்டப் பின்னல் இயந்திரத்தில் வரும் துணி ஒரே அகலக் குழாயாக இறங்கும். அதை வெட்டித் தைத்தால்தான் தோளுக்கும் கைக்கும் வடிவம் வரும். தட்டை இயந்திரமோ ஒவ்வொரு ஊசியையும் தனித்தனியே இயக்க வல்லது. ஒரு வரிசையைக் கடைசி ஊசிவரை ஓட்டாமல் பாதியில் திருப்பிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் மட்டும் கண்ணிகள் கூடி, துணி தானே குழிந்து புடைக்கும். காலுறையின் குதிகாலுக்கு மடிப்பின்றி வளைவு வருவது இந்தப் பாதி வரிசைகளால்தான். வளைந்த பரப்பு ஒன்று எங்கெங்கே விரிகிறது, எங்கெங்கே குறுகுகிறது என்று அளந்து, அதற்கேற்பப் பாதி வரிசைகளை எங்கே செருக வேண்டும், எந்த ஊசியில் திரும்ப வேண்டும் என்பதைத் தானே எழுதித்தரும் நிரலை அக்குழுவின் மரியானா பொப்பெஸ்கு தம் முனைவர் ஆய்வில் உருவாக்கினார். கட்டடக்கலைப் படிப்புப் பின்னணியும் நிரல் எழுதும் கையும் நூலைத் தொட்டுப் பார்த்த விரலும் ஒருவரிடமே கூடியதால் நிகழ்ந்தது இது. பின்னல் தொழிலாளியிடம் வடிவத்தைச் சொல்லி, அவர் ஒரு நிரலரிடம் சொல்லி, நிரலர் பொறியாளரிடம் கேட்டு வந்திருந்தால் சாம்பிளே ஒரு பருவம் ஆகியிருக்கும்.

துணி இரண்டு அடுக்காகப் பின்னப்பட்டிருந்தது. கீழடுக்கு உள்ளேயிருந்து பார்ப்பவருக்கு வண்ணப் பின்னலாகவே தெரியும் முகப்பு. மேலடுக்கில் வடக்கம்பிகள் நுழையும் கால்வாய்களும், அடுக்குகளுக்கிடையில் காற்றுப் பலூன்களைச் செருகும் பைகளும் பின்னும்போதே அமைந்துவிட்டன. நாடா நுழையும் மடிப்பு பேன்ட் இடுப்பில் தையலாக வருவதை, இங்கே பின்னலே செய்துகொடுத்தது என்று கொள்ளலாம். துணியை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, பலூன்களை ஊதி, முதலில் சில மில்லிமீட்டர் தடிப்பில் சிமெண்டுக் கூழைத் தெளித்தார்கள். அது இறுகியதும் துணி விறைத்துச் சென்ட்ரிங் ஆகிவிட்டது. அதன்மேல் நார் கலந்த கான்கிரீட்டைக் கையால் பூசினார்கள். பலூன் இருந்த இடம் பள்ளமாகவும் இடைவெளி விலா எலும்பு போன்ற மேடாகவும் அமைந்ததால் மெல்லிய ஓட்டுக்கு விறைப்பு கிடைத்தது. துணியும் வடக்கம்பி வலையும் சேர்ந்து 55 கிலோ. அவை தாங்கிய கான்கிரீட் 5 டன்னுக்கு மேல். மூடிய பரப்பு சுமார் 50 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ என்ற இந்தக் கணக்கைத் தட்டைத் தளத்தின் 300 கிலோவோடு ஒப்பிடும்போது, இது மாடி தாங்காத கண்காட்சிக் கூரை என்பதையும் உடன் நினைத்துக்கொள்வது நேர்மை.

தமிழ்நாட்டில் கட்டுமானப் புதுமை என்ற பேச்சு எழுந்தால் இப்போது முதலில் வருவது முப்பரிமாண அச்சு. பற்பசையைப் பிதுக்குவதுபோலக் கான்கிரீட்டைக் குழாய்வாயால் பிதுக்கி, அடுக்கின்மேல் அடுக்காகச் சுவரை எழுப்பும் முறை அது. சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம் அவ்வளாகத்தில் இம்முறையில் கட்டிய சுமார் 600 சதுர அடி வீடு 2021 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2020 டிசம்பரில், எல் அண்ட் டி நிறுவனம் காஞ்சிபுரத்தில் 700 சதுர அடியில் ஒரு மாடிக் கட்டடத்தை 106 மணி நேர அச்சில் எழுப்பியதாக அறிவித்தது. செய்தித்தாள்கள் மணிக்கணக்கை எண்ணி வியந்தன. ஆனால் காஞ்சிபுரக் கட்டடத்தில் கிடைத்தளங்கள் மட்டும் அச்சிடப்படவில்லை என்பதையும் அந்நிறுவனமே சொல்லியிருந்தது. செங்குத்தாக எழும் சுவருக்குக் கீழடுக்கு தாங்கும், அந்தரத்தில் படரும் கூரைக்குக் கீழே எதுவும் இல்லை; ஆகவே அச்சு இயந்திரம் எளிதான பகுதியை விரைவாக்கிவிட்டுக் கடினமான பகுதியைப் பழையபடி விட்டிருக்கிறது. ஹாலோ பிளாக் சுவரை ஒரு கொத்தனாரும் இரண்டு சித்தாள்களும் சில நாள்களில் எழுப்பிவிடும் கொங்குப் பகுதியில் சுவர் எப்போதுமே பெருஞ்சிக்கலாக இருந்ததில்லை. இவ்வகையில், 2013-இல் சென்னை ஐ.ஐ.டி. தன் வளாகத்தில் உரத் தொழிற்சாலைக் கழிவு ஜிப்சத்தையும் கண்ணாடி நாரையும் கொண்டு செய்த பலகைகளால் சுவரோடு தளத்தையும் சேர்த்தே அமைத்துக் காட்டிய இரண்டடுக்கு மாதிரிக் கட்டடம் குறைவாகப் பேசப்பட்டாலும் கூடுதல் கவனத்துக்கு உரியது.

வடிவம், நிரல், வீடு என்ற மூன்றையும் ஒரு வாழ்நாளுக்குள் கோத்தவர் யார் என்று தேடினால் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரின் பெயர் முன்வரும். 1936-இல் வியன்னாவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, ஹார்வர்டில் கட்டடக்கலையில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1960-களின் தொடக்கத்தில் குஜராத்தின் ஒரு சிற்றூரில் தங்கி, அவ்வூருக்கு என்னென்ன தேவை என்று 141 தேவைகளைப் பட்டியலிட்டார். கால்நடைக்குத் தண்ணீர் முதல் சாதி வழக்கம் வரை நீண்ட அத்தேவைகளில் எவை எவற்றோடு முட்டுகின்றன, எவை எவற்றுக்குத் துணைநிற்கின்றன என்று இணைத்துப் பார்த்து, அந்த வலையைச் சிறு சிறு கொத்துகளாகப் பிரிக்கும் கணிப்பை 1964-இல் வந்த தம் நூலின் பின்னிணைப்பாக வைத்தார். இவ்வகைப் பிரிப்புக்காக அவர் மார்வின் மான்ஹைமுடன் சேர்ந்து 1962-இல் ஒரு கணினி நிரலையும் எழுதியிருந்தார். ஒரு கிராமத்தின் வாழ்க்கையைக் கணினி நிரலுக்கு ஏற்றபடி பிரித்துப் பார்த்த மிக முந்தைய முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

1977-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட நூலில் நகரம் முதல் ஜன்னல் திண்டு வரை 253 பேட்டர்ன்கள் உள்ளன. இங்கே பேட்டர்ன் என்பது அட்டை வெட்டு அன்று. திரும்பத் திரும்ப எழும் ஒரு சிக்கலும் அதற்குத் திரும்பத் திரும்ப உதவும் தீர்வும் சேர்ந்த இணை அது. திருப்பூரின் பேட்டர்ன் மாஸ்டருக்கு இந்தப் பொருள் அந்நியமாகத் தோன்றாது. கழுத்துப் பட்டை சுருங்கும் சிக்கலுக்கு அவர் கைவசம் வைத்திருக்கும் மாறாத் திருத்தமும் அதே வகையைச் சேர்ந்தது. கட்டடக்காரர்களைவிட மென்பொருள்காரர்கள் இந்நூலை ஆவலோடு எடுத்துக்கொண்டார்கள். நிரல் எழுதும்போது மீண்டும் மீண்டும் வரும் சிக்கல்களுக்கான வார்ப்புகளை 1994-இல் நால்வர் தொகுத்த புகழ்பெற்ற நூல் அலெக்சாண்டரையே முன்னோடியாகச் சொல்கிறது. இன்று கோவையிலோ சென்னையிலோ மென்பொருள் வேலைக்குச் சேரும் இளைஞர், ஒரு கட்டடக்கலைஞரின் கருத்தைப் படிக்கிறோம் என்று அறியாமலே அதைப் படித்துவிட்டுத்தான் சேர்கிறார்.

அலெக்சாண்டரின் மூன்றாவது இழை 1970-களின் நடுவில் மெக்சிகோவின் மெக்சிகாலி நகரில் வெளிப்பட்டது. ஏழைக் குடும்பங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே மனையில் நின்று வடிவமைத்து, மண்ணும் சிமெண்டும் கலந்த கற்களை அங்கேயே அழுத்திச் செய்து, கட்டடக்காரரின் உதவியோடு எழுப்பினார்கள். கூரைக்கு அங்கே செய்தது துணியில் வார்க்கும் முறைக்கு உறவுமுறை: மெல்லிய மரப்பட்டைகளை வளைத்துக் கூடைபோலப் பின்னி, அதன்மேல் சணல் துணியைப் பரப்பி, இலகுவான கான்கிரீட்டை மெல்லப் பூசினார்கள், அறை எந்தக் கோணலில் இருந்தாலும் கூடை அதற்கு இணங்கியது. முப்பது வீடுகள் திட்டமிடப்பட்டு ஐந்தே கட்டப்பட்டன. அரசுத் தரப்பின் ஆதரவு அதற்குமேல் நீளவில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சென்று பார்த்தவர்கள், குடும்பங்கள் தங்கள் வீடுகளை விருப்பப்படி வளர்த்துக்கொண்டதையும், பொதுவில் புழங்குவதற்கென்று நடுவில் விடப்பட்ட இடம் அப்படிப் பயன்படாமல் போனதையும் கண்டார்கள்.

சேவூர், அவிநாசிப் பகுதியில் இந்தக் கணக்குகளுக்கெல்லாம் ஏற்ற இடம் லைன் வீடு. பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும், ஒரே நீளக் கூரையின் கீழ் ஒன்றையொட்டி ஒன்றாக அமைந்த ஒற்றை அறைகளின் வரிசை அது. பல இடங்களில் அதன் தலையில் இருப்பது சிமெண்ட் ஷீட். சித்திரை வெயிலில் அதன் கீழே இரவு ஷிஃப்ட் முடித்துவந்தவர் படுத்தாலும் உறக்கம் வருவதில்லை. அறைகள் அனைத்தும் ஒரே அளவு என்பதால் ஒரே பின்னல் நிரல் வரிசை முழுவதற்கும் போதும். அளவு மாறும் கடைசி அறைக்கு எண்ணை மாற்றினால் ஆயிற்று. நூல் பற்றிய அறிவும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் உண்டு: பருத்தி ஈரத்தை உறிஞ்சிக் கான்கிரீட்டின் நீரைக் குடித்துவிடும், நீடித்த ஈரத்தில் மக்கவும் கூடும், பாலியெஸ்டர் ஈரத்தை உறிஞ்சாது, ஆனால் சிமெண்டின் காரத்தன்மை அதை நாளடைவில் அரிக்கும், அச்சாக மட்டும் பயன்பட்டுப் பின் வேலையற்றுப்போகும் துணிக்கு அந்த அரிப்பு பொருட்டன்று, முகப்பாகத் தங்க வேண்டிய துணிக்குப் பொருட்டு. எந்த நூலை எந்தக் கேஜில் பின்னினால் சிமெண்டுக் கூழ் கண்ணிகளுக்குள் இறங்கிப் பற்றும், எதில் மேலேயே நின்று உதிரும் என்பதைத் தீர்மானிக்கக் கணினி உதவாது. ஒரு முழச் சதுரத்தில் நாலைந்து சாம்பிள் பின்னி, சட்டத்தில் கட்டி, கரண்டியால் பூசி, ஏழாம் நாள் தட்டிப் பார்க்க வேண்டும்.